பல்லிலிருந்து தொடங்குங்கள்: ஆதி மனித முன்னோரைப் படிக்க வருபவருக்கு ஒரு வழிகாட்டி

முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றையும் கைவிளக்கு ஒன்றையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வாயை அகலத் திறந்து கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லைத் தேடுங்கள். நடு வெட்டுப்பல்லிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் ஆறாவது பல். அதில் சொத்தை அடைத்திருந்தால் மறுபக்கம் பாருங்கள். இரண்டு பக்கமும் அடைத்திருந்தால் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை யாராவது இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் பல் தேயாமல் இருக்கும், இந்த வேலைக்கு அதுதான் வசதி.

பல்லின் மேற்பரப்பில் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். பெரும்பாலும் ஐந்து இருக்கும்: கன்னத்துப் பக்கம் மூன்று, நாக்குப் பக்கம் இரண்டு. மேடுகளுக்கு நடுவே ஓடும் பள்ளத்தைக் கவனியுங்கள். அது ஒரு கவட்டைக் கம்பைப் போல இரண்டாகப் பிரிந்து, கன்னத்துப் பக்கத்து நடு மேட்டை இரு கையாலும் அணைத்துக்கொண்டிருக்கும். இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்கக் காடுகளில் பழம் தின்று திரிந்த வாலில்லாக் குரங்கின் கீழ்க் கடைவாய்ப்பல்லிலும் இதே கவட்டை இருந்தது. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் ஒராங்குட்டானுக்கும் கிப்பனுக்கும் இன்றும் இருக்கிறது. மகாக், லங்கூர், பபூன் போன்ற வாலுள்ள குரங்குகளின் பல்லில் இது கிடையாது. அவற்றின் கடைவாய்ப்பல்லில் மேடுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, குறுக்கே போட்ட இரண்டு வரப்புகள் போல நிற்கும்.

இந்தத் துறைக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் மண்டையோட்டிலிருந்தோ, வண்ணம் தீட்டிய முகங்களிலிருந்தோ தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சில ஆண்டுகள் வீணாயின. பல்லில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் எளியது. உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் எனாமல். மற்ற எலும்புகளை ஓநாயும் மழையும் வேரும் தின்று தீர்த்த பிறகும் பல் கிடக்கும். ஆகவே நீங்கள் படிக்கப் போகும் இனங்களில் பல, பல்லையும் தாடைத் துண்டையும் வைத்துப் பெயர் பெற்றவை. டான்சானியாவில் கிடைத்த ருக்வாபித்தக்கஸ், 2013-இல் அறிவிக்கப்பட்டது. 2.52 கோடி ஆண்டுப் பழமை. இதுவரை தெரிந்த வாலில்லாக் குரங்குகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. அதற்கு ஆதாரமாகக் கையில் இருப்பது கீழ்த்தாடையின் ஒரு துண்டும் அதில் உள்ள பற்களும்தான்.

ஒரு எச்சரிக்கை. கவட்டைப் பள்ளம் 'இது வாலில்லாக் குரங்குக் கூட்டம்' என்று மட்டும்தான் சொல்லும். அந்தக் கூட்டத்துக்குள் யார் என்பதை அது சொல்லாது. உங்கள் இரண்டாவது கடைவாய்ப்பல்லைப் பார்த்தால் நான்கே மேடுகள் இருக்கக்கூடும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், மனிதரில் அது சாதாரணம்.

அடுத்து, சொற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

நம் மொழியில் ஒரு சிக்கல் உண்டு. வாலுள்ளது, வாலில்லாதது இரண்டையும் 'குரங்கு' என்கிறோம். 'மனிதன் குரங்கிலிருந்து வந்தானா?' என்ற கேள்வி ஓயாமல் சுற்றி வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான். இன்றைய எந்தக் குரங்கிலிருந்தும் மனிதன் வரவில்லை. சிம்பன்சியும் நாமும் ஒரு பொது மூதாதையின் இரு கிளைகள். சிம்பன்சி நமக்குப் பங்காளி, பாட்டன் இல்லை. இந்தக் கட்டுரையில் 'வாலில்லாக் குரங்கு' என்று நான் எழுதும்போதெல்லாம் கிப்பன், ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, போனோபோ, மனிதன், இவர்களின் அழிந்துபோன உறவினர் எல்லாரும் அடங்குவார்கள்.

பெயரில் வால் இல்லை என்று இருப்பதால் வால் இல்லாத எதையும் இதில் சேர்த்துவிடக் கூடாது. வட ஆப்பிரிக்காவின் பார்பரி மகாக்குக்கு வால் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் பல்லைப் பாருங்கள், குறுக்கு வரப்பு. அது மகாக்தான். நமது கூட்டத்தில் வால் போனதற்கு டி.பி.எக்ஸ்.டி. என்ற மரபணுவுக்குள் வந்து ஒட்டிக்கொண்ட ஒரு சிறு மரபுத்துண்டு காரணமாக இருக்கலாம் என்று 2024-இல் ஓர் ஆய்வு வெளியானது.

மூன்று ஆங்கிலச் சொற்கள் உங்களைக் குழப்பப் போகின்றன. ஹோமினாய்டு என்பது மேலே சொன்ன மொத்தக் கூட்டம். ஹோமினிட் என்பது கிப்பனை நீக்கிய மீதி. ஹோமினின் என்பது சிம்பன்சிக் கிளை பிரிந்த பிறகு மனிதர் பக்கம் வந்தவர்கள் மட்டும். ஏறத்தாழ 1990-களுக்கு முன் எழுதிய நூல்களில் ஹோமினிட் என்றால் இன்றைய ஹோமினின் என்று பொருள். எந்த நூலைத் திறந்தாலும் முதலில் அது வெளியான ஆண்டைப் பாருங்கள்.

இன்னொன்று, பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். 'பித்தக்கஸ்' என்றால் கிரேக்கத்தில் குரங்கு. முன்னால் வருவது பெரும்பாலும் இடம் அல்லது தெய்வம். ஆஸ்திரலோபித்தக்கஸ், தெற்கத்திக் குரங்கு; ஆஸ்திரேலியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிவபித்தக்கஸ், நம் சிவபெருமானின் பெயர்தான். ஆப்பிரிக்காவின் பழைய வாலில்லாக் குரங்கான புரோகான்சல் மட்டும் வேறு கதை: லண்டனில் வேடிக்கை காட்டிய சிம்பன்சிக்குக் கான்சல் என்று பெயர், அதற்கும் முந்தியவன் என்று கேலியும் மரியாதையுமாக 1933-இல் ஹாப்வுட் இந்தப் பெயரைச் சூட்டினார்.

ஓர் அடி ஸ்கேல் எடுத்து வையுங்கள்

பள்ளிக்கூடத்து 30 சென்டிமீட்டர் ஸ்கேல். ஒரு சென்டிமீட்டர் பத்து இலட்சம் ஆண்டு. பூஜ்யம் இன்று. ஆங்கிலத்தில் படிக்கும்போது 'மில்லியன்' என்று வருவதெல்லாம் ஒரு சென்டிமீட்டர். இந்தக் கணக்கு கையில் இருந்தால், 3.2 மில்லியனை 3.2 கோடி என்று அச்சிடும் செய்திகளை நீங்களே பிடித்துவிடலாம். (அது 32 இலட்சம்.)

பென்சிலால் குறியுங்கள். ஸ்கேலின் மறுகோடியில், 30-க்கு அருகே, எகிப்தின் ஃபயூம் பாலைவனத்தில் கிடைத்த ஈஜிப்டோபித்தக்கஸ். அப்போது வாலுள்ள கூட்டமும் வாலில்லாக் கூட்டமும் இன்னும் பிரியவில்லை. 25-இல் ருக்வாபித்தக்கஸ். 20-க்கும் 17-க்கும் நடுவே புரோகான்சலும் அதன் நெருங்கிய உறவான எக்கெம்போவும். விக்டோரியா ஏரியின் ருசிங்கா தீவில் மேரி லீக்கி 1948-இல் எடுத்த புகழ்பெற்ற மண்டையோடு புரோகான்சல் என்றே நெடுங்காலம் அழைக்கப்பட்டது. 2015-இல்தான் எக்கெம்போ என்று தனிப்பெயர் பெற்றது. அந்த விலங்குக்கு வால் இல்லை, ஆனால் கிளைகளின் மேல் நான்கு காலால் நடந்தது, உடலமைப்பு பெரும்பாலும் வாலுள்ள குரங்கைப் போல. வால் முதலில் போயிற்று, கிளையில் தொங்கும் தோளும் நிமிர்ந்த முதுகும் பிறகுதான் வந்தன. பாகம் பாகமாக, வெவ்வேறு காலத்தில் மாறுவது இந்தத் துறை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். ஆச்சரியப்படுவதை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

16-இலிருந்து 8 வரை ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வாலில்லாக் குரங்குகளின் பொற்காலம். பிரான்ஸில் டிரையோபித்தக்கஸ் 1856-இலேயே கிடைத்தது, அதாவது டார்வினின் பெருநூல் வெளிவருவதற்கு மூன்று ஆண்டு முன்பே. ஸ்பெயினில் பியரோலாபித்தக்கஸ், ஹங்கேரியில் ருடாபித்தக்கஸ், ஜெர்மனியில் டானுவியஸ், கிரேக்கத்தில் ஊரனோபித்தக்கஸ், சிவாலிக் மலைகளில் சிவபித்தக்கஸ். எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அன்றைக்கு இந்தக் கூட்டம் பெரிது, இன்று எஞ்சியிருப்பது சொற்பம் என்ற விகிதம் மனத்தில் நின்றால் போதும்.

7-இல் சாட் நாட்டின் சாஹெலாந்த்ரோபஸ். 6-இல் கென்யாவின் ஓரோரின். 4.4-இல் எத்தியோப்பியாவின் ஆர்டி, அதாவது ஆர்டிபித்தக்கஸ் ராமிடஸ். 3.2-இல் லூசி என்று பெயரிட்ட எத்தியோப்பிய எலும்புக்கூடு. 2.8-இல் எத்தியோப்பியாவின் லேடி-கெராரு பகுதியில் கிடைத்த தாடை, நம் ஹோமோ பேரினத்தின் மிகப் பழைய சான்றாகப் பலரும் கருதுவது. 2-ஐ ஒட்டி ஹோமோ எரெக்டஸ். நாம், ஹோமோ சேப்பியன்ஸ், பூஜ்யத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர். மொரோக்கோவின் ஜெபெல் இர்ஹூத் எலும்புகளையும் சேர்த்தால் அவ்வளவு. பென்சில் முனை கொஞ்சம் மழுங்கினால் நம் இனத்தின் மொத்தக் காலமும் அதன் அடியில் மறைந்துவிடும்.

இப்போது ஸ்கேலில் காலியாக இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் 12-க்கும் 7-க்கும் நடுவே குறிக்க மிகக் கொஞ்சமே இருக்கிறது: கென்யாவில் நகாலிபித்தக்கஸ், எத்தியோப்பியாவில் சோரோராபித்தக்கஸ், இன்னும் ஓரிரண்டு. அவையும் பெரும்பாலும் பல்லும் தாடையும். கொரில்லாவும் சிம்பன்சியும் நாமும் பிரிந்த கதையின் முக்கியமான பக்கங்கள் இந்தக் காலத்தில்தான் இருக்க வேண்டும். சிம்பன்சி பக்கத்து நிலைமை இன்னும் மோசம். சிம்பன்சியின் முதல் புதைபடிவம் என்று 2005-இல் அறிவிக்கப்பட்டது கென்யாவின் சில பற்கள், வயது 5.45 இலட்சம் ஆண்டு. எழுபது இலட்சம் ஆண்டுக் கிளைக்குக் கைப்பிடி நிறையக்கூட இல்லை. ஈரக்காட்டு மண்ணில் எலும்பு நிலைப்பதில்லை; நம் முன்னோர் ஏரிக்கரையிலும் எரிமலைச் சாம்பல் விழும் பள்ளத்தாக்கிலும் செத்தது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

'கையில் என்ன இருக்கிறது?' என்று கேளுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு புதைபடிவத்துக்கும் ஒரு வரிசை. முதல் கட்டத்தில் பெயரை எழுதாதீர்கள். கையில் உள்ள எலும்பை எழுதுங்கள். இரண்டாவதில் கிடைத்த இடம். மூன்றாவதில் வயது, அந்த வயதை எப்படிக் கண்டார்கள் என்பதும். நான்காவதில் யார் மறுக்கிறார்கள், எதை வைத்து. பெயர் கடைசிக் கட்டத்தில், பென்சிலில். ஏன் பென்சில் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

முதல் கட்டத்தை நிரப்பும்போது பல பேருருவங்கள் சுருங்கிப்போவதைக் காண்பீர்கள். ஜைகான்டோபித்தக்கஸ் என்ற ராட்சதக் குரங்கைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பத்தடி உயரத்தில் நிமிர்ந்து நிற்கும் படங்கள் ஏராளம். 1935-இல் ஹாங்காங்கில் ஒரு சீன மருந்துக்கடையில் 'டிராகன் பல்' என்று விற்ற பொருள்களுக்கு நடுவே ஃபான் கேனிக்ஸ்வால்ட் ஒரு பெரிய கடைவாய்ப்பல்லைக் கண்டார். கதை அங்கே தொடங்கியது. இன்று வரை கையில் இருப்பது நான்கு கீழ்த்தாடைகளும் ஏறத்தாழ இரண்டாயிரம் பற்களும். ஒரு கை எலும்பு இல்லை, ஒரு கால் எலும்பு இல்லை. நிற்கும் படமெல்லாம் ஓவியரின் கைவேலை. ஆனால் பல்லே எவ்வளவு பேசும் என்பதற்கும் இதுவே உதாரணம்: 2019-இல் ஒரு பல்லின் எனாமலில் இருந்து பழைய புரதங்களை எடுத்து, இது ஒராங்குட்டானின் தூரத்து உறவு என்று நிறுவினார்கள்.

மறுபக்கம் லூசி. 1974 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹடாரில் டொனால்ட் ஜோஹன்சன் குழு எடுத்தது. ஒரே உடலின் எலும்புக்கூட்டில் சுமார் 40 சதவீதம். தொடை, இடுப்பு, கை, விலா, தாடை எல்லாம் ஒரே ஆளுடையது என்பதால் கை நீளத்தையும் கால் நீளத்தையும் ஒப்பிட முடிகிறது. அதுதான் லூசியின் அருமை. வயதோ பிரபலமோ இல்லை.

எண்களையும் வாசிக்கப் பழகுங்கள். ஏ.எல். 288-1 என்றால் அஃபார் பகுதியில் 288 என்று எண்ணிட்ட இடம், அது லூசி. ஓ.எச். என்றால் டான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கு. கே.என்.எம்.-ஈ.ஆர். 1470 என்றால் கென்யத் தேசிய அருங்காட்சியகம், கிழக்கு ருடால்ஃப். ருடால்ஃப் ஏரி 1975-இல் துர்க்கானா என்று பெயர் மாறிவிட்டது. எண்ணில் மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இனப்பெயரை அறிஞர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், எண் மாறாது. நோட்டில் எண்ணை மையால் எழுதலாம்.

வயதைச் சொன்னால் வழியைக் கேளுங்கள்

'கார்பன் டேட்டிங் செய்து 30 இலட்சம் ஆண்டு என்று கண்டுபிடித்தார்கள்' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். கார்பன்-14 ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஆண்டு வரைதான் உதவும். கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் எலும்பை அளப்பதில்லை. எலும்புக்கு மேலும் கீழும் படிந்த எரிமலைச் சாம்பலை அளக்கிறார்கள். அந்தச் சாம்பலில் உள்ள படிகங்களில் பொட்டாசியம்-40 சிதைந்து ஆர்கானாகிறது; எவ்வளவு ஆர்கான் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் சாம்பல் விழுந்த காலம் தெரியும். இரண்டு சாம்பல் படிவுகளுக்கு நடுவே கிடந்த எலும்பு அந்த இரண்டு வயதுகளுக்கு நடுவே உள்ளது. தென்னாப்பிரிக்கக் குகைகளில் இந்த வசதி இல்லை, சாம்பல் கிடையாது. அங்கே குகைப்பாறையின் யுரேனியம்-ஈயம் போன்ற வழிகள். அங்குள்ள வயதுகளில் சண்டை அதிகம் என்பதற்கு இது ஒரு காரணம்.

முறை சரியாக இருந்தாலும் சாம்பல் ஏமாற்றும். மேலே சொன்ன 1470-ஐயே எடுத்துக்கொள்வோம். 1972-இல் ரிச்சர்ட் லீக்கியின் குழுவைச் சேர்ந்த பெர்னார்ட் ங்கெனியோ கண்டெடுத்த துண்டுகளை மீவ் லீக்கியும் மற்றவர்களும் பொறுமையாக ஒட்டி உருவாக்கிய மண்டையோடு அது; நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள். அதற்கு மேலே இருந்த சாம்பல் படிவுக்கு 26 இலட்சம் ஆண்டு என்று முடிவு வந்தது. எனவே மண்டையோடு அதைவிடப் பழையது, பெரிய மூளை அவ்வளவு முன்பே வந்துவிட்டது என்றார்கள். இடித்துரைத்தவை பன்றிகள். அதே படிவுகளில் கிடைத்த பன்றிப் பற்களும், எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் நன்கு அளவிடப்பட்ட படிவுகளில் கிடைத்த பன்றிப் பற்களும் ஒத்துப்போயின. ஆனால் ஓமோப் படிவின் வயது இருபது இலட்சத்தை ஒட்டியே இருந்தது. பன்றிகளின் கடைவாய்ப்பல் காலம் செல்லச் செல்ல நீண்டுகொண்டே போனது. பல் நீளம் ஏறத்தாழ ஒரு நாட்காட்டி. சில ஆண்டு வாக்குவாதத்துக்குப் பிறகு சாம்பலைத் திரும்ப அளந்தார்கள். இன்றைக்கு அதன் வயது 18.7 இலட்சம் என்று ஏற்கப்பட்டிருக்கிறது. பழைய அளவீட்டில், வேறு காலத்துப் படிகங்கள் கலந்துவிட்டிருந்தன. பன்றி ஜெயித்தது. நோட்டின் மூன்றாவது கட்டத்தில் 'கூடக் கிடைத்த விலங்குகள்' என்று ஒரு மூலை ஒதுக்கச் சொல்வேன்.

நடந்தானா என்பதை எங்கே பார்ப்பது

எழுந்து நின்று முழங்கால்களைச் சேர்த்து வையுங்கள். இடுப்பில் தொடையெலும்புகள் விலகித் தொடங்கி, முழங்காலில் நெருங்கி வருகின்றன. தொடையெலும்பு உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் ஒரு காலைத் தூக்கும்போது மற்றக் கால் உடலின் நடுவுக்குக் கீழே வந்து தாங்குகிறது. இப்போது இரு கால்களையும் அகட்டி வைத்து, அதே அகலத்தில் நடந்து பாருங்கள். பீப்பாய் உருள்வது போல இருபுறமும் ஆடுவீர்கள். சிம்பன்சி இரண்டு காலில் நடக்கும்போது அப்படித்தான் ஆடும், அதன் தொடையெலும்பு சாய்வதில்லை. ஆகவே முழங்கால் மூட்டில் சேரும் தொடையெலும்பின் கீழ்முனை ஒன்று கிடைத்தாலே நடையைப் பற்றி நிறையச் சொல்லலாம். லூசிக்கு ஓராண்டு முன்பே ஹடாரில் அப்படி ஒரு மூட்டு கிடைத்தது.

அடுத்து இடுப்பு: நமக்குக் குட்டையாக, கிண்ணம் போல, சிம்பன்சிக்கு நீண்டு, தட்டையாக. பிறகு பாதம்: பெருவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்திருக்கிறதா, கட்டைவிரல் போல விலகிப் பிடிக்கிறதா. ஆர்டியின் விசித்திரம் இங்கேதான். மேல் இடுப்பு நிமிர்ந்து நடப்பவரைப் போல, பெருவிரலோ கிளையைப் பிடிப்பவரைப் போல. 2009-இல் முழு விவரம் வெளியானபோது எத்தனையோ பேர் பாடக் குறிப்புகளைத் திருத்த வேண்டியதாயிற்று. டான்சானியாவின் லாயெடோலியில், ஈரச் சாம்பலில் பதிந்து இறுகிய காலடிகள் 36.6 இலட்சம் ஆண்டுப் பழமை. மேரி லீக்கியின் குழு 1978-இல் வெளிப்படுத்தியது. அங்கே பெருவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்தே இருக்கிறது. மூளை அப்போது ஏறத்தாழ சிம்பன்சி அளவு.

மண்டையோடு மட்டும் இருந்தால் அதன் அடியில் உள்ள பெருந்துளையைப் பாருங்கள், முதுகுத்தண்டு நுழையும் இடம். துளை முன்னால் இருந்தால் தலை முதுகெலும்பின் மேல் நிமிர்ந்து அமர்கிறது. பின்னால் இருந்தால் தலை முன்னோக்கித் தொங்குகிறது. 2001-இல் கிடைத்த சாஹெலாந்த்ரோபஸ் நடந்தது என்பதற்கு முதலில் சொல்லப்பட்ட வாதம் இதுதான். அதே இடத்தில் அதே ஆண்டு ஒரு தொடையெலும்பும் கிடைத்திருந்தது. அதைப் பற்றிய ஆய்வுகள் 2020-இலும் 2022-இலும்தான் வந்தன. ஒன்று நடக்கவில்லை என்கிறது, மற்றது நடந்தது என்கிறது. எலும்பு ஒன்றே. நான்காவது கட்டத்தை வைத்தது இதற்காகத்தான்.

மூளை அளவைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. சிம்பன்சி சுமார் 400 கன சென்டிமீட்டர், நாம் சுமார் 1350. நடுவில் உள்ளவர்களை ஏணிப்படி போல அடுக்கினால் அழகாக இருக்கும். 2015-இல் தென்னாப்பிரிக்காவில் அறிவிக்கப்பட்ட ஹோமோ நலெடி அந்த ஏணியைத் தள்ளிவிட்டது. மூளை 600-ஐ ஒட்டியும் அதற்குக் கீழும். வயதோ ஏறத்தாழ 3.35 முதல் 2.36 இலட்சம் ஆண்டு.

ஒரு பயிற்சி: ராமாபித்தக்கஸ்

நான் இந்தத் துறைக்குள் வந்தது ஒரு பழைய நூலின் வழியாக. அதில் மனித வரிசையின் தலையில் ராமாபித்தக்கஸ் நின்றது. நோட்டில் முதல் பெயராக, மையால், பெரிய எழுத்தில் எழுதினேன். பக்கத்திலேயே ஒரு படமும் வரைந்தேன். புல்வெளியில் நிமிர்ந்து நிற்கும் சிறு உருவம். நூல் அச்சானபோதே அந்தப் பெயர் ஆட்டம் கண்டிருந்தது எனக்குத் தெரியாது.

கையில் என்ன இருந்தது? இமாச்சலப் பிரதேசத்தின் ஹரிதல்யாங்கர் அருகே 1932-இல் எட்வர்ட் லூயிஸ் எடுத்த மேல்தாடைத் துண்டு, ஒரு பக்கம் மட்டும், சில பற்களுடன். 1960-களில் எல்வின் சைமன்ஸ் அதைத் திரும்ப ஆராய்ந்தார். சிறிய கோரைப்பல், தடித்த எனாமல், குட்டை முகம், நம்மைப் போல வளைந்த பல்வரிசை. ஆகவே மனித முன்னோர் என்றார். டேவிட் பில்பீமும் அதை ஆதரித்தார். வளைந்த பல்வரிசை என்பதைக் கவனியுங்கள். தாடையின் நடுப்பகுதி துண்டில் இல்லை. ஒரு பக்கத்தை வைத்து மறுபக்கத்தைக் கண்ணாடியில் காண்பது போல வரைந்தார்கள். நடுக்கோடு எங்கே என்று தெரியாமல் வரையும்போது, இரண்டு பக்கத்தையும் எவ்வளவு விரித்து வைக்கிறீர்களோ அந்த வளைவுதான் வரும். காகிதத்தில் செய்து பாருங்கள்: ஒரு கோட்டை வரைந்து, அதன் பிம்பத்தை வெவ்வேறு கோணத்தில் எதிரே வையுங்கள். ஐந்து நிமிடத்தில் மனிதத் தாடையும் கிடைக்கும், கொரில்லாத் தாடையும் கிடைக்கும்.

முதல் அடி எலும்பே தொடாதவர்களிடமிருந்து வந்தது. 1967-இல் வின்சென்ட் சாரிச்சும் ஆலன் வில்சனும் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதரும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து சுமார் ஐம்பது இலட்சம் ஆண்டுதான் ஆகிறது என்றார்கள். ராமாபித்தக்கஸுக்கு அன்று சொல்லப்பட்ட வயது ஒரு கோடிக்கும் மேல். எலும்புக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு பாகிஸ்தானின் போட்வார் பீடபூமியில் நல்ல தாடைகள் கிடைத்தன, பல்வரிசை வளைந்திருக்கவில்லை. அங்கேயே பில்பீமின் குழு எடுத்து, 1982-இல் வெளியிட்ட ஜி.எஸ்.பி. 15000 என்ற முகம் கதையை முடித்தது. கண்குழிகள் உயரமாக, ஒன்றையொன்று நெருங்கி, முகம் நடுவில் குழிந்து: அப்படியே ஒராங்குட்டான். அது சிவபித்தக்கஸ். ராமாபித்தக்கஸ் என்று தனியாக ஒன்று இல்லை. சிவபித்தக்கஸில் சிறியவை, பெரும்பாலும் பெண்கள் என்று சேர்த்துவிட்டார்கள். முன்பு ஆதரித்த பில்பீமே தம் கையால் திருத்தினார் என்பதற்காக அவர் மீது எனக்குத் தனி மரியாதை.

கதை முடிந்துவிட்டது என்று அப்போது நானும் நினைத்தேன். சிவபித்தக்கஸின் மேற்கை எலும்புகளைப் பார்த்தால் ஒராங்குட்டானைப் போலத் தொங்கும் கை இல்லை. முகம் ஒன்று சொல்கிறது, கை வேறொன்று சொல்கிறது. என் நோட்டில் அந்த முதல் பக்கம் இன்னும் இருக்கிறது. மையை அழிக்க முடியாததால் மேலே கோடு போட்டு, ஓரத்தில் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.

இனி நீங்களே

எலும்பைத் தொட அருங்காட்சியகத்தின் தயவு வேண்டியதில்லை. மார்ஃபோசோர்ஸ் என்ற இணையச் சேமிப்பில் ஏராளமான முப்பரிமாணப் படிகள் உள்ளன. கென்ய அருங்காட்சியகமும் துர்க்கானா பேசின் நிறுவனமும் நடத்தும் ஆப்பிரிக்கன் ஃபாசில்ஸ் தளத்தில் துர்க்கானாக் கரையின் பல மாதிரிகளைச் சுழற்றிப் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு சிம்பன்சி மண்டையோட்டையும் மனித மண்டையோட்டையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட எதுவும் இல்லாமல் ஒன்றை மட்டும் பார்ப்பது வீண்.

புதிதாக ஒரு கண்டுபிடிப்பு செய்தியில் வந்தால் முதல் வாரம் எதையும் எழுதாதீர்கள். 'விடுபட்ட கண்ணி', 'வரலாறு மாறியது' என்ற தலைப்புகளைத் தாண்டி, எந்த எலும்பு, எத்தனை, எந்தப் படிவு என்ற மூன்று விவரமும் செய்தியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தைத் தேடுங்கள். சுருக்கம் பெரும்பாலும் இலவசம்.

நோட்டின் முதல் வரிசைக்கு டவுங் குழந்தையைப் பரிந்துரைப்பேன். 1924-இல் தென்னாப்பிரிக்கச் சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து வந்த பாறையை ரேமண்ட் டார்ட் பின்னல் ஊசியெல்லாம் வைத்துச் செதுக்கி எடுத்தார். கையில் இருப்பது சுருக்கம், எழுதி முடிப்பது எளிது: முகம், கீழ்த்தாடை, மூளையின் இயற்கை வார்ப்பு. முதல் கடைவாய்ப்பல் அப்போதுதான் முளைத்திருந்தது. நீங்கள் கண்ணாடியில் பார்த்த அதே பல். பெருந்துளை முன்னால் இருந்ததைக் கண்ட டார்ட், இது நிமிர்ந்து நடந்தது என்று 1925-இல் எழுதினார். பெயர் ஆஸ்திரலோபித்தக்கஸ் ஆஃப்ரிக்கானஸ். லண்டன் அறிஞர்கள் ஏற்கவில்லை. அவர்களிடம் 1912-இல் அறிவிக்கப்பட்ட பில்ட்டவுன் மண்டையோடு இருந்தது, பெரிய மூளை, குரங்குத் தாடை. அது மனித மண்டையோட்டையும் ஒராங்குட்டான் தாடையையும் சேர்த்து, பற்களை அரம் கொண்டு தேய்த்துச் செய்த மோசடி என்று 1953-இல்தான் வெளிவந்தது.

டவுங் குழந்தையின் முப்பரிமாணப் படியைத் திறந்ததும் முகத்தை நேராகப் பார்த்துவிட்டு, மேலிருந்து கண்குழிகளுக்குள் எட்டிப் பாருங்கள். அடித்தளத்தில் சிறு ஓட்டைகளும் கீறல்களும் இருக்கின்றன. எண்பது ஆண்டுகள் அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. 2006-இல் லீ பெர்கர், இன்றைய ஆப்பிரிக்கக் காட்டில் முடிசூடிக் கழுகு தின்றுபோட்ட குரங்குகளின் மண்டையோடுகளில் அதே இடத்தில் அதே ஓட்டைகள் இருப்பதைக் கண்டு எழுதினார். நான்காவது கட்டத்தின் ஓரத்தில், 'இறந்த காரணம்: கழுகு' என்று எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலில்.